கூடலூர்ப் பகுதிப் பள்ளி ஒன்றில் சிக்கிள் செல் பாடமும் இரத்தப் பரிசோதனையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களை ஊட்டியோடு சேர்த்து நினைப்பவர்களுக்கு இந்த இடம் புரியாது. நிலத்தாலும் வாழ்க்கையாலும் இது வயநாட்டின் தொடர்ச்சி. ஒரு பக்கம் முதுமலைக் காடு, ஒரு பக்கம் தேயிலை, நடுவே தண்ணீர் தேங்கும் வயல்கள். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், இருளர் ஆகியோர் இங்கே வாழ்கிறார்கள். வயநாடன் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்கிறார்கள். கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தோட்ட வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களும் உண்டு. எங்கள் மேல்நிலைப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பில் இவர்கள் எல்லோருடைய பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்கிறார்கள்.

நான் தாவரவியல் எடுக்கிறேன். மெண்டலும் பட்டாணிச் செடியும் என் பங்கு. மனித மரபியலும் மூலக்கூறு மரபியலும் விலங்கியல் ஆசிரியையின் பங்கு. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான கதிர் அரிவாள் செல் சோகை, அதாவது இங்கே எல்லோரும் சொல்லும் சிக்கிள் செல், இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடத்தில் வருகிறது. அதனால் நடந்ததை முதலிலிருந்து பார்க்கவும், பின்னால் பாடத்தைத் திருத்தி அமைப்பதில் சேர்ந்துகொள்ளவும் எனக்கு வாய்த்தது. சம்பந்தப்பட்ட குடும்பங்களின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில், பழங்குடியினர் கூடுதலாக வாழும் பகுதிகளில், 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. பள்ளிகளுக்கும் சுகாதாரக் குழுக்கள் வரத் தொடங்கின. தேவையான வேலை. இந்த நோயோடு பிறக்கும் குழந்தையைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் வலியையும் சாவையும் பெருமளவு தவிர்க்க முடியும்.

நடந்தது

பாடமும் பரிசோதனையும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல். விலங்கியல் வகுப்பில் மாணவர்கள் கையில் வைத்திருந்த ஒரு தனியார் கையேட்டில் ‘இது பழங்குடியினரிடம் காணப்படும் நோய்’ என்று ஒரு வரி இருந்தது. ஒரு மாணவன் அதை உரக்கப் படித்தான். வகுப்பில் பாதித் தலைகள் திரும்பின. கடைசிக்கு முந்தைய வரிசையில் இருந்த பணியர் மாணவிகள் இருவர் புத்தகத்தைப் பார்த்தபடியே இருந்தார்கள். ஆசிரியை உடனே ‘யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்’ என்று சொல்லிப் பார்த்தார். அந்தத் திரும்பல் நடந்து முடிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் குழு வந்தது. திட்டம் பழங்குடியினருக்கானது என்பதால் அவர்கள் கையில் பழங்குடி மாணவர்களின் பட்டியல் மட்டும் இருந்தது. வகுப்பு வகுப்பாகப் பெயர் கூப்பிட்டு வராந்தாவில் வரிசையில் நிற்க வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விரல் நுனியில் எடுத்த இரத்தத்தை ஒரு கரைசலில் கலப்பார்கள். சிக்கிள் ஹீமோகுளோபின் இருந்தால் கரைசல் கலங்கிவிடும். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையை வைத்துப் பார்த்தால், கலங்காத குழாயில் கோடு தெரியும், கலங்கியதில் தெரியாது. இது முதற்கட்டச் சோதனை மட்டும்தான். கலங்கினால் ஜீனை ஒரு பிரதி மட்டும் சுமப்பவரா, இரண்டு பிரதியும் இருந்து நோயுள்ளவரா என்பதை இது பிரித்துச் சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் அல்லது எச்பிஎல்சி சோதனை வேண்டும்.

குழாய்களைப் பெயர்ச்சீட்டு ஒட்டித் தாங்கியில் வரிசையாக வராந்தா மேசையில் வைத்திருந்தார்கள். பின்னால் கோட்டு அட்டை. உணவு இடைவேளைக்கு மணி அடித்தபோது பிள்ளைகள் எல்லோரும் அந்த மேசையைத் தாண்டித்தான் போனார்கள். மாலைக்குள் ‘கோடு தெரியாதவ’ என்பது பள்ளியில் ஒரு வசவாகிவிட்டது.

மறுநாளிலிருந்து அந்த மாணவிகளில் ஒருத்தி வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் சிலர் வரவில்லை. ஒரு தாய் தலைமையாசிரியரைப் பார்க்க வந்தார். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “படிக்கத்தானே அனுப்புனோம் சார். இரத்தம் எடுத்து எல்லாரும் பாக்கற மாதிரி மேசையில வைக்கவா அனுப்புனோம்?”

கவனித்தவை

உடனே எதையும் செய்யாமல், பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள முடிவு செய்தோம். துண்டுத்தாள் கொடுத்து, பெயர் எழுதாமல், இந்த நோயைப் பற்றித் தெரிந்ததையும் கேட்க நினைப்பதையும் எழுதச் சொன்னோம்.

தாள்களில் வந்தவை எங்களைத் திடுக்கிட வைத்தன. கோடு தெரியாத எல்லோரும் நோயாளிகள் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். தொட்டால் ஒட்டுமா, ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தார்கள். ‘அவங்க இரத்தமே வேற’ என்ற வாக்கியம் ஒரே மாதிரியாகப் பல தாள்களில் இருந்தது. ‘சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கிறதால வருது’ என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிக்கொண்ட பெற்றோரின் பிள்ளைகள் அந்த வகுப்பில் எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள். ஆனால் அதை எழுதியவர்கள் தங்கள் வீட்டை நினைத்து எழுதவில்லை.

எங்களை மிகவும் பாதித்த தாளில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: ‘எனக்குக் கல்யாணம் ஆகாதா?’

வேறொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவன். வருகைப் பதிவேட்டில் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை அவன் பெயருக்கு நேரே வரிசையாக விடுப்பு. மழை விட்டதும் வருகிறான். முந்தைய ஆண்டும் அப்படியே. வந்த நாட்களிலும் விளையாட்டு வகுப்பில் ஓரமாக ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பான். அடிக்கடி சிறுநீர் கழிக்க அனுமதி கேட்பான். ‘மழைன்னா இவனுக்கு ஸ்கூல் கிடையாது’ என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொள்வது வழக்கம். சிக்கிள் செல் உள்ளவர்களுக்குக் குளிர், நனைதல், நீர்ச்சத்துக் குறைவு, கடும் உழைப்பு ஆகியவை கை கால் எலும்புகளில் தாங்க முடியாத வலியைக் கிளப்பும். சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைவதால் அவர்கள் அதிகம் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி வெளியே போக வேண்டும். பதிவேட்டில் இருந்தது சோம்பேறித்தனம் இல்லை, ஒரு நோயின் வரலாறாக இருக்கலாம் என்பதை முதலில் சொன்னவர் விலங்கியல் ஆசிரியைதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆசிரியர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது: அந்தப் பத்தியை வேகமாகத் தாண்டிவிடலாம், சமூகத்தின் பெயரையே எடுக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தப் பதினொன்றாம் வகுப்பு மாணவன் எங்கள் கண் முன்னால் இருந்தான். இந்த வட்டாரத்தில் யாருக்கு இந்த நோய் இருக்க வாய்ப்பு கூடுதல் என்பதை மறைத்தால், வலியில் துடிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்றுதான் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்போம். மௌனம் பாதுகாப்பு ஆகாது. சொல்லத்தான் வேண்டும், எந்த வரிசையில் சொல்வது என்பதே கேள்வி என்று முடிவுக்கு வந்தோம்.

இதற்கு ஓர் ஆய்வும் துணைக்கு வந்தது. அமெரிக்காவில் பிரையன் டோனோவன் என்ற உயிரியல் கல்வி ஆய்வாளர், மரபு நோய்களை இனத்தோடு இணைத்துச் சொல்லும் பாடப்பகுதியைப் படிக்கும் மாணவர்கள், மனிதர்களுக்கிடையே உள்ள மற்ற வேறுபாடுகளையும் ஜீனால் வந்தவை என்று நம்பும் போக்கு கூடுவதைக் காட்டியிருக்கிறார். மரபு வேறுபாடு உண்மையில் மக்களிடையே எப்படிப் பரவியிருக்கிறது என்று கற்பித்தால் அந்த நம்பிக்கை குறைகிறது என்பதும் அவரும் சக ஆய்வாளர்களும் கண்டது. சிக்கிள் செல் கறுப்பினத்தவரின் நோய் என்று அங்கே பாடம் சொல்வதும், பழங்குடியினரின் நோய் என்று இங்கே கையேடு சொல்வதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

ஆகவே பாடத்தை மூலக்கூறில் தொடங்கினோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். முதல் எட்டை ஒரு மாணவி கரும்பலகையில் எழுதினாள்: வாலைன், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், லைசின். ஆறாவதை அழித்து வாலைன் என்று எழுதச் சொன்னோம். ஜீனில் ஜிஏஜி என்ற மூன்றெழுத்து ஜிடிஜி ஆனால் இது நடக்கும். மற்ற 145 இடங்களிலும் எந்த மாற்றமும் இல்லை. ‘இரத்தமே வேற’ என்று எழுதியவர்களும் அந்தப் பலகையைப் பார்த்தார்கள். அவர்கள் எழுதியதைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் அடுத்தடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது வகுப்பு கொசுவைப் பற்றியது. வீட்டில் பெரியவர்களிடம் பழைய மலைக்காய்ச்சலைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லியிருந்தோம். வயநாட்டுக்குள் வரப் பயந்த காலம் ஒன்று இருந்தது. குடியேறிய குடும்பத்து மாணவி ஒருத்தி, தன் கொள்ளுத்தாத்தாவோடு மலையேறி வந்தவர்களில் காய்ச்சலில் செத்தவர்களின் கதையைச் சொன்னாள். பெட்டக் குறும்பர் மாணவன் ஒருவன் தன் பாட்டி சொன்ன மருந்துக் கதையைச் சொன்னான். எல்லோர் வீட்டிலும் மலேரியா இருந்தது. அங்கிருந்துதான் ஜீனுக்குப் போனோம். சிக்கிள் ஜீனை ஒரு பிரதி மட்டும் சுமப்பவர்கள் பொதுவாக நலமாக இருப்பார்கள். ஃபால்சிபாரம் மலேரியாவின் கொடிய வடிவத்திலிருந்து அவர்களுக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது. 1954ல் ஆந்தனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதை நிறுவினார். மலேரியா உள்ள மண்ணில் எத்தனை தலைமுறை வாழ்ந்தார்கள் என்பதைப் பொறுத்து இந்த ஜீன் ஒரு மக்களிடம் தங்குகிறது. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் மலையேறியவர்களிடம் அது தங்க நேரம் இருக்கவில்லை.

‘அப்ப இது காட்டுல இருந்து தப்பிச்சதோட அடையாளம்’ என்றான் ஒருவன். அதையும் கவனமாகக் கையாள வேண்டியிருந்தது. நோயைப் பெருமையாக மாற்றினால் வலியில் இருப்பவருக்கு அது உதவாது. ஒரு பிரதி காப்பாற்றுகிறது, இரண்டு பிரதி வருத்துகிறது. இரண்டும் உண்மை என்று விலங்கியல் ஆசிரியை சொன்னார்.

மூன்றாவதாக வரைபடம். மலேரியா பரவியிருந்த பழைய எல்லைகளையும் சிக்கிள் ஜீன் உள்ள இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா, சவுதியின் கிழக்குக் கரை, துருக்கியின் தெற்கு, கிரேக்கத்தில் ஓர்கோமெனோஸ், இந்தியாவில் விதர்பா, சத்தீஸ்கர், மேற்கு ஒடிசா, வயநாடு, நீலகிரி. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் வாழும் கறுப்பின மக்களிடம் இது அரிது. கிரேக்கத்து வெள்ளையரிடம் இருக்கிறது. சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் பழங்குடிப் பட்டியலில் இல்லாத விவசாயச் சாதிகளிடமும் இருக்கிறது. இங்கே வயநாடன் செட்டிகளிடமும் இருக்கிறது. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. இதைச் சொன்னதும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியானது. யாரும் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அடுத்தவர் வீட்டைப் பற்றிச் சொல்லவே கூடாது என்ற விதியை முதல் வகுப்பிலேயே வைத்திருந்தோம். அதை மறுபடி நினைவூட்டினோம்.

இந்த ஊருக்கு இதில் ஓர் இடம் உண்டு. இந்தியாவில் இந்த ஜீன் முதலில் பதிவானதில் நீலகிரி முக்கியமானது. 1952ல் இரத்த ஆய்வாளர்களான ஹெர்மன் லெஹ்மனும் மேரி கட்புஷும் இங்குள்ள மக்களிடம் அதைக் கண்டார்கள். அக்கால வழக்கப்படி அதை ஒரு பழைய இனத்தின் அடையாளமாகவும் விளக்கப் பார்த்தார்கள். அவர்களுடைய இரத்தப் பரிசோதனை இன்றும் நிற்கிறது, இன விளக்கம் நிற்கவில்லை. நல்ல விஞ்ஞானியின் கையிலும் தரவும் ஊகமும் கலந்து வரும் என்பதைக் காட்ட இதைவிடப் பக்கத்து உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நிகழ்தகவுக்கு நாணயம். பெற்றோர் இருவரும் ஒரு பிரதி சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. ‘நாலு பிள்ளையில ஒண்ணுக்கு வரும்’ என்றுதான் எல்லோரும் புரிந்துவைத்திருந்தார்கள். இரண்டு நாணயங்களை நான்கு முறை சுண்டி ஒரு ‘குடும்பம்’ எழுதச் சொன்னோம். சில குடும்பங்களில் ஒருவருக்கும் இல்லை. சிலவற்றில் இரண்டு மூன்று பேருக்கு. என் பட்டாணிப் பாடத்தில் மூன்றுக்கு ஒன்று என்று மனப்பாடமாகச் சொன்னவர்கள் இங்கேதான் அதன் பொருளைப் பிடித்தார்கள்.

கடைசியாக, அடையாள அட்டையில் உள்ள இரத்த வகையைப் பார்த்து அவரவர் வகைப்படி வகுப்பின் நான்கு மூலைகளுக்குப் போகச் சொன்னோம். ஒவ்வொரு மூலையிலும் எல்லாச் சமூகத்தவரும் நின்றார்கள். இது மட்டும் எதையும் நிரூபித்துவிடாது என்று சொல்லித்தான் செய்தோம். ஆனால் மனித மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972ல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டதைப் பிறகு சொன்னபோது, அந்த எண் அவர்களுக்கு வெறும் எண்ணாக இருக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகுதான் சமூகத்தின் பெயர் பலகைக்கு வந்தது. எழுதிய வாக்கியம்: ‘இந்தப் பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களில் இந்த ஜீன் கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களில் பழங்குடியினரும் உண்டு, மற்றவர்களும் உண்டு. யாரிடம் இருக்கிறது என்பதைப் பரிசோதனை மட்டுமே சொல்லும்.’

பரிசோதனைக்கும் தனியாக விதிகள் வைத்தோம். தலைமையாசிரியர் வட்டார சுகாதார அலுவலரிடம் பேசினார். வகுப்பிலிருந்து பெயர் கூப்பிடக் கூடாது. பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பழங்குடி மாணவர் மட்டும் என்றில்லாமல் விரும்பிய யாரும் சனிக்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துகொள்ளலாம். முடிவு குடும்பத்திடம் மட்டும், செவிலியர் வாயிலாக, உறுதிச் சோதனைக்குப் பிறகு. பள்ளிக்குப் பட்டியல் வராது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் வரலாறு. கிரேக்கத்தின் ஓர்கோமெனோஸில் ஏறத்தாழ நான்கைந்து பேரில் ஒருவர் ஜீன் சுமப்பவர். அங்கே நல்ல நோக்கத்தோடு ஊர் முழுக்கப் பரிசோதித்துத் திருமண ஆலோசனை சொன்னார்கள். பேசி முடிக்கும் கல்யாணங்கள் உள்ள ஊர் அது. சுமப்பவர்கள் மணச் சந்தையில் ஒதுக்கப்பட்டார்கள், முடிவை மறைத்தார்கள். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் கறுப்பின மக்களைக் குறிவைத்த பரிசோதனைச் சட்டங்கள், நோயே இல்லாத சுமப்பவர்களுக்குக் காப்பீட்டையும் வேலையையும் மறுக்க வழிவிட்டன. அந்நாட்டு விமானப்படை அகாடமி 1981 வரை அவர்களைச் சேர்க்கவில்லை. எங்கள் வராந்தா மேசையில் நடந்ததும் இதே வகைதான். கல்யாணத்தைப் பற்றிக் கேட்ட தாளுக்கு வகுப்பில் பொதுவாகப் பதில் சொன்னோம்: கல்யாணம் ஆகும்; ஒரு பிரதி சுமப்பவர் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்; இருவரும் சுமப்பவராக இருந்தால் குழந்தை பெறும் முன் மருத்துவரிடம் பேசினால் வழிகள் உண்டு.

தொடர்ந்து நடந்தவை

முதலில் வராமல் போன மாணவி தானாக வரவில்லை. பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த களப்பணியாளர் ஒருவர் வீட்டுக்குப் போய், தாயிடம் நடந்ததற்குப் பள்ளியின் சார்பில் வருத்தம் சொல்லி, புதிய விதிகளை விளக்கினார். அதன் பிறகுதான் வந்தாள். விடுப்பில் போனவர்களில் ஒருவர் திரும்பவே இல்லை. தோட்ட வேலைக்குப் போய்விட்டார். இது எங்களுக்கு நடந்த இழப்பு, வேறு எதாலும் ஈடாகவில்லை.

சனிக்கிழமைப் பரிசோதனைக்கு மற்ற சமூகத்துப் பிள்ளைகளும் போனார்கள். எத்தனை பேர், முடிவு என்ன என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அந்தப் பதினொன்றாம் வகுப்பு மாணவனின் தந்தை மட்டும் தானாக வந்து சொன்னார்: நோய் உறுதியாகிவிட்டது, அரசு மருத்துவமனையில் ஹைட்ராக்ஸியூரியாவும் ஃபோலிக் அமிலமும் தொடங்கிவிட்டார்கள் என்று. கருவில் இருக்கும்போது உடலில் இருக்கும் ஹீமோகுளோபின் வகையைக் கூட்டி வலி வருவதைக் குறைக்கும் மருந்து ஹைட்ராக்ஸியூரியா. இரத்த அணுக்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். அவனுக்கு மேசையில் தண்ணீர் பாட்டில், கேட்காமலே வெளியே போக அனுமதி, மழையில் அசெம்ப்ளிக்கு நிற்க வேண்டாம் என்று மூன்று மாற்றங்கள் செய்தோம். அவனை மட்டும் தனியாகக் காட்டாமல் இருக்க, தண்ணீரும் வெளியே போகும் அனுமதியும் எல்லா மாணவருக்கும் என்று ஆக்கினோம். அந்த ஆண்டு மழையிலும் அவனுக்கு வலி வந்தது, மருத்துவமனையிலும் இருந்தான். ஆனால் பதிவேட்டில் ‘மருத்துவ விடுப்பு’ என்று இருந்தது, பரீட்சைக்கு முன் தனியாக வகுப்பும் எடுத்தோம்.

வசவு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் நின்றது. பாடம் நடக்காத கீழ் வகுப்புகளில் சில மாதம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. திருப்புதல் தேர்விலும் சிலர் ‘பழங்குடியினர் நோய்’ என்றே எழுதினார்கள். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஒரு மதிப்பெண் போய்விடும் என்றார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்று, மகளுக்கு அடிக்கடி சோகை இருந்தும் ‘நாங்க ஆதிவாசி இல்லையே’ என்று பரிசோதனைக்கு வரவில்லை. அவளுக்கு வேறு வகைச் சோகையும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரி யாரை எல்லாம் மருத்துவரிடமிருந்து தள்ளி வைக்கிறது என்பதற்கு அது சாட்சி.

மாற்ற வேண்டியவை

இந்தப் பாடத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே எளிய வடிவில் தொடங்க வேண்டும். பள்ளியை விட்டு நிற்பவர்கள் அதற்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். பன்னிரண்டு வரை வராத பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் தேவை. பாடத்துக்கும் பரிசோதனைக்கும் இடையே குறைந்தது ஒரு மாத இடைவெளி வேண்டும். உடற்கல்வி ஆசிரியரும் வகுப்பாசிரியர்களும் வலியின் அறிகுறிகளைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் பயிற்சி கேட்டிருக்கிறோம். நீண்ட நேரம் ஓடச் சொல்வது, மழையில் நிறுத்துவது போன்ற தண்டனைகளைப் பள்ளி நிறுத்திவிட்டது.

பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளைச் சேர்ந்த பெரியவர்களைப் பாடம் அமைக்கும்போதே கூப்பிட வேண்டும். இந்த முறை அவர்களிடம் கடைசியில்தான் போனோம், அதுவும் சிக்கலைத் தீர்க்க. மலைக்காய்ச்சலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சுகாதாரக் குழுவிடம் எழுத்தில் கொடுத்த கோரிக்கை இரண்டுதான். குழாய்களில் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் இருக்கட்டும். கோட்டு அட்டையை வைத்துப் பார்ப்பது மூடிய அறைக்குள் நடக்கட்டும். இரண்டாவதை ஒப்புக்கொண்டார்கள். முதலாவதற்குப் படிவத்தை மாற்ற மாவட்டத்தின் உத்தரவு வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் அங்கே இருக்கிறது.